காய்ச்சலோடு காடு நடந்தவர்: ஆல்பிரட் ரசல் வாலஸ்

வானம் தெளிந்த காலையில் பினாங்குக் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் ஜெராய் மலை நீல நிறத்தில் தெரியும். பழைய கடாரத்திற்கு வந்த கப்பல்களுக்கு வழிகாட்டிய மலை அது. 1854 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் சென்ற ஒரு நீராவிக் கப்பலில் 31 வயது ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், மூக்குக்கண்ணாடி, யாரிடமும் எளிதில் பேசாத கூச்ச சுபாவம். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, குடும்பச் சொத்தும் கிடையாது. அமேசான் காட்டில் பிடித்த குளிர்காய்ச்சலால் சாவின் விளிம்புவரை போய் மீண்ட உடம்பு அவருடையது. அவர்தான் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறி வந்தன என்பதற்கு விளக்கம் தந்தவர் சார்லஸ் டார்வின் என்று பள்ளியில் படித்திருப்போம். அதே விளக்கத்தைத் தனியாகக் கண்டறிந்தவர் வாலஸ். அதுவும் நம் வட்டாரத்துத் தீவு ஒன்றில், காய்ச்சலில் படுத்திருந்தபோது. அவர் கெடாவில் தங்கிச் சேகரித்ததில்லை. ஆனால் மலாக்காவிலும் சரவாக்கிலும் மாதக்கணக்கில் காட்டில் வாழ்ந்தவர். அவருடைய அறிவியலைப் பற்றி நூல்கள் பல உண்டு. இங்கே நாம் பார்க்கப்போவது இன்னொரு பக்கம். நோய் விடாமல் துரத்திய ஒரு மனிதர் அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்தினார், காட்டின் மேல் வைத்த ஆசையை எப்படிக் கைவிடாமல் இருந்தார் என்பதே அது.

பலவீனமான உடம்பு

வாலஸ் 1823 ஜனவரி 8 ஆம் தேதி வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. தந்தையின் கையில் இருந்த பணம் சரியாக நிர்வகிக்கப்படாமல் கரைந்துபோனது. சிறு பிள்ளையாக இருந்தபோது செங்காய்ச்சல் வந்து, பிழைப்பது கடினம் என்ற நிலைக்குப் போய்த் தப்பினார். பள்ளிப் படிப்பு 14 வயதோடு நின்றது. அண்ணன் வில்லியமுடன் நில அளவை வேலைக்குப் போனார். வேலை நாள் முழுக்க வெளியில்தான். வயல், சதுப்பு, மலைச்சரிவு எல்லாவற்றிலும் சங்கிலி இழுத்து அளக்க வேண்டும். குளிரிலும் ஈரத்திலும் திரிந்து, இளவயதிலேயே நுரையீரல் கோளாறில் படுத்தார்.

ஆனால் அந்த வேலைதான் அவருக்குச் செடிகொடிகளைக் காட்டியது. வழியில் பார்த்த செடிகளின் பெயர் தெரியவில்லையே என்ற குறையில் ஒரு மலிவு விலைத் தாவர நூலை வாங்கினார். அதன்பின் ஓய்வு நாளெல்லாம் காட்டுவழியில் கழிந்தது. 1844 இல் லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இளைஞரின் நட்பு கிடைத்தது. பேட்ஸ் வண்டு சேகரிப்பவர். இருவரும் பேசிப் பேசி, 1848 இல் அமேசான் காட்டிற்குக் கப்பலேறினர். வண்டு, வண்ணத்துப்பூச்சி, பறவை ஆகியவற்றைப் பிடித்துப் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்பி விற்பது, அந்தப் பணத்திலேயே பயணச் செலவைச் சமாளிப்பது. அதுதான் அவர்களின் பிழைப்புத் திட்டம்.

அமேசானில் கொடுத்த விலை

நான்கு ஆண்டுகள் வாலஸ் அங்கே இருந்தார். உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851 இல் பாரா துறைமுகத்தில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். அந்தச் செய்தி உள்காட்டில் இருந்த அண்ணனுக்குப் பல மாதங்கள் கழித்தே முழுமையாக எட்டியது. அதே ஆண்டின் இறுதியில் வாலஸையே காய்ச்சல் பிடித்தது. ரியோ நீக்ரோ ஆற்றங்கரைக் கிராமத்தில், தொங்கு படுக்கையில் புரண்டு படுக்கவும் வலுவில்லாமல், பேசவும் முடியாமல் வாரக்கணக்கில் கிடந்தார். எழுந்து நடமாட மாதங்கள் ஆயின. நடக்க முடிந்ததும் நாடு திரும்பவில்லை. ஆற்றில் இன்னும் மேலே போய்த் தம் வேலையை முடித்தார்.

1852 ஜூலையில் நாடு திரும்பக் கப்பல் ஏறினார். ஆகஸ்ட் 6 ஆம் தேதி நடுக்கடலில் அந்தக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. அவரிடம் எஞ்சியவை தகரப் பெட்டி ஒன்றில் இருந்த சில ஓவியங்களும் குறிப்புகளும் மட்டுமே. சேகரித்த உயிரின மாதிரிகளில் பெரும்பகுதி சாம்பலானது. பத்து நாள் திறந்த படகில் மிதந்த பிறகே வேறொரு கப்பல் அவர்களைக் கண்டது. கரை சேர்ந்தபோது இனிக் கடல் பயணமே வேண்டாம் என்று உறுதி எடுத்தார். அந்த உறுதி அதிக நாள் நிற்கவில்லை. ஒன்றரை ஆண்டில் அவர் மீண்டும் கப்பலில் இருந்தார். இம்முறை நம் பக்கம்.

மலாக்காவில் கொய்னா

சிங்கப்பூரில் புக்கிட் தீமா காட்டருகே தங்கி, ஏறத்தாழ இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அத்தனையும் கிடைத்தது ஏறக்குறைய ஒரு சதுர மைல் இடத்தில். மரம் வெட்டும் சீனத் தொழிலாளர்கள் சாய்த்துப் போட்ட மரங்களில் வண்டுகள் மொய்த்தன. ஜூலையில் மலாக்காவுக்கு வந்தார். ஈயம் கழுவும் சீனர்களின் குடியிருப்புப் பக்கம் காட்டில் வேலை நடந்தபோது குளிர்காய்ச்சல் மறுபடி வந்தது. நகருக்குத் திரும்பி, அரசாங்க மருத்துவர் தாராளமாகக் கொடுத்த கொய்னாவை விழுங்கித் தேறினார்.

கொய்னா என்றதும் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு நாக்கு கசக்கும். தென்னமெரிக்க மலைகளின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மருந்து அது. பிற்காலத்தில் கெடாவில் காட்டை அழித்து ரப்பர் தோட்டங்கள் போட்டபோது, காடு வெட்டிய நம்மவர்களையும் இதே மலேரியா கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. தோட்டத்து டிரசர் வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்ததும் இதே கசப்புதான். வாலஸ் மலாக்காவில் படுத்த காலத்தில் கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினர். ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 இல்.

உடம்பு தேறியதும் அவர் ஓய்வெடுக்கவில்லை. ஆறு மலாய்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒஃபீர் என்று அன்று அழைக்கப்பட்ட லேடாங் மலையில் ஏறினார். காட்டுப் பாதையில் அட்டைகள் மேலெல்லாம் ஏறின. மேலே பாறைச் சரிவில் தாகம் வாட்டியது. ஊற்று எதுவும் கண்ணில் படாத இடத்தில், குடுவைத் தாவரங்களில் நிறைந்திருந்த தண்ணீரைக் குடித்தார். உள்ளே பூச்சிகள் மிதந்தன. தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆனாலும் தாகம் தீர்ந்தது. மலாய் மொழியில் குரங்குப் பானை என்ற பொருளில் பெரியோக் கெரா என்று சொல்லப்படும் அந்தத் தாவரம் நம் ஜெராய் மலையிலும் உண்டு. மேலே போகிறவர்கள் பாறையோரம் கவனித்துப் பார்க்கலாம். குடித்துப் பார்க்க வேண்டியதில்லை.

நோயோடு ஒரு நாள் ஒழுங்கு

1854 நவம்பரில் சரவாக் போய்ச் சேர்ந்த வாலஸ் அங்கே ஓராண்டுக்கும் மேல் இருந்தார். அதற்கு முன் சிங்கப்பூரில் அவர் கடைப்பிடித்த அன்றாட ஒழுங்கு அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தால் தெரிகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து குளித்து, காப்பி குடித்து, முந்தைய நாள் பிடித்தவற்றைப் பிரித்து வைப்பார். எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குக் காட்டுக்குள் நுழைந்தால் பிற்பகல் இரண்டு மூன்று மணிவரை நடை. திரும்பி வந்து குளித்து உடை மாற்றி, பூச்சிகளை ஊசி குத்தி வரிசைப்படுத்துவார். நான்கு மணிக்கு இரவுச் சாப்பாடு. மறுபடி ஆறு மணிவரை வேலை. பிறகு கொஞ்சம் வாசிப்பு. எட்டு ஒன்பதுக்குப் படுக்கை.

 காய்ச்சல் வந்த நாள்களில் படுத்தபடி செய்யக்கூடிய வேலைகளுக்கு மாறினார். மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் சந்துபோங் மலையடியில் ஒரு சிறு வீட்டில் அடைபட்டபோது, 1855 பிப்ரவரியில், ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருங்கிய இன்னோர் உயிரினம் முன்பே வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்ற கட்டுரையை எழுதினார். அறிவியல் உலகம் இன்று அதைச் சரவாக் விதி என்கிறது. சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் கணுக்காலில் அடிபட்டுப் புண்ணாகி, ஜூலை முழுவதும் அதன் பிறகும் வீட்டுக்குள் கிடந்தார். அப்போதும் பூச்சிகள் அவரைத் தேடி வந்தன. பூச்சி ஒன்றுக்கு ஒரு சென் என்று அவர் விலை வைத்திருந்ததால், சுற்றியிருந்த டாயாக் மக்களும் சீனத் தொழிலாளர்களும் கொண்டுவந்து கொடுத்தனர். ஒரே நாளில் 76 வகை வண்டுகள் கிடைத்த நாளும் உண்டு. அவற்றில் 34 அவர் அதுவரை பார்க்காதவை. இன்று நம் நாட்டின் பெருமையாகக் கொண்டாடப்படும் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவரே.

அவரைக் காட்டை நேசித்த முனிவர் என்று மட்டும் எழுதினால் அது பொய். அவர் சேகரித்தது கொன்றுதான். சிமுஞ்சானில் பல ஓராங் ஊத்தான்களைச் சுட்டார். சுடப்பட்ட ஒரு தாயின் அருகே சேற்றில் கிடந்த குட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தார். பால் கிடைக்காத இடம். கஞ்சித்தண்ணீரைப் புட்டியில் ஊற்றி உறிஞ்சக் கொடுத்தார். குளிப்பாட்டினார், துடைத்துவிட்டார், துணைக்கு ஒரு குரங்குக் குட்டியையும் தேடிக் கொடுத்தார். ஏறக்குறைய மூன்று மாதம் உயிரோடு இருந்த குட்டி, அவருக்கு வந்ததைப் போன்ற விட்டு விட்டு வரும் காய்ச்சலில் வாடி இறந்தது. அந்த மரணம் தமக்கு வருத்தம் தந்ததை அவரே பதிவு செய்தார். பிறகு அதன் எலும்புக்கூட்டையும் தோலையும் பதப்படுத்தினார். இரண்டுமே உண்மை.

அலி என்ற துணை

நோயாளி ஒருவர் எட்டு ஆண்டுகள் தீவுத் தீவாகத் திரிந்தார் என்றால், பின்னால் யாரோ இருந்திருக்க வேண்டும். சரவாக்கில் அலி என்ற மலாய்ச் சிறுவர் சமையலுக்குச் சேர்ந்தார். வயது ஏறத்தாழ 15. விரைவில் பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு தலைமை உதவியாளரானார். வாலஸ் வெளியிட்ட பறவைகளில் கணிசமானவை அலியின் கைப்பட்டவை.

1856 இல் மக்காசாரில் வாலஸைக் காய்ச்சல் பிடித்தது. ஒரு வாரம் கொய்னா விழுங்கி எழுந்தார். எழுந்த உடனே அதே காய்ச்சல் அலியைப் படுக்கையில் தள்ளியது. இப்போது வாலஸ் பார்த்துக்கொள்ளும் முறை. ஒரே கூரைக்கடியில் முதலாளியும் வேலையாளும் மாறி மாறி நோயாளியும் துணையுமாக இருந்தனர். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 1858 இல் நியூ கினியின் டோரேயில் அவருடன் இருந்த ஜுமாட் என்ற இளைஞர் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். வாலஸின் காலும் அங்கே மறுபடி புண்ணாகி, நடக்க முடியாமல் போனது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1857 இல், ஆரு தீவுகளில் பல வாரங்கள் அவர் முடங்கியிருந்தார். சிறு பூச்சிகள் கடித்த இடமெல்லாம் புண்ணாகி, பாதம் வீங்கி, தரையில் கால் ஊன்ற முடியவில்லை. உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே வாழும் சொர்க்கப் பறவைகள் வெளியே மரக்கிளைகளில் கூவின. அவற்றைத் தேடித்தான் அவ்வளவு தூரம் வந்தார். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நெடுநாள் நோயில் இருப்பவர்களுக்கு இது புரியும். வலியை விட, வெளியே நாள் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதுதான் சில நேரம் அதிகம் உறுத்தும்.

குளிர் நடுக்கத்தில் ஒரு கண்டுபிடிப்பு

1858 இன் தொடக்கத்தில் தெர்னாத்தே, ஜிலோலோ தீவுகளில் இருந்தபோது குளிர்காய்ச்சல் நாள்தோறும் வந்தது. முதலில் நடுக்கம், பிறகு கொதிப்பு, பிறகு வியர்வை. ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் போர்த்திப் படுத்தே ஆகவேண்டும். அப்படிப் படுத்திருந்த ஒரு நாள், மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூல் அவருக்கு நினைவுக்கு வந்தது. நோயும் பஞ்சமும் போரும் மனிதர் தொகையைக் கட்டுப்படுத்துகின்றன என்றால், விலங்குகளிலும் அப்படித்தானே? ஒவ்வொரு தலைமுறையிலும் சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பிழைக்கின்றன. அந்தச் சிறு வேறுபாடு பிள்ளைகளுக்குப் போகிறது. காலப்போக்கில் புதிய இனம் உருவாகிறது. காய்ச்சல் இறங்கும்வரை காத்திருந்து அன்று மாலை குறிப்பெடுத்தார். அடுத்த இரண்டு மாலைகளில் கட்டுரையை முடித்து, டார்வினுக்குத் தபாலில் அனுப்பினார்.

டார்வின் இதே கருத்தை இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்து, வெளியிடாமல் இருந்தவர். அவரும் நாள்பட்ட நோயாளி. வயிற்றுக் கோளாறிலும் வாந்தியிலும் பாதி வாழ்க்கை கழிந்தது. கடிதம் வந்த சமயம் அவருடைய கைக்குழந்தை செங்காய்ச்சலில் இறந்தது. நண்பர்கள் முன்னின்று, இருவருடைய எழுத்தையும் 1858 ஜூலை 1 ஆம் தேதி இலண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்க வைத்தனர். அதே வேளையில் வாலஸ் நியூ கினியில், புண்பட்ட காலோடு இருந்தார். அவரைக் கேட்காமலேயே நடந்த ஏற்பாடு அது. இதற்காக அவர் டார்வின் மீது வாழ்நாள் முழுதும் வருத்தம் கொண்டதாகத் தெரியவில்லை. 1869 இல் வெளிவந்த தம் மலாய்த் தீவுக்கூட்டம் நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார்.

எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 14,000 மைல் பயணம். 125,660 உயிரின மாதிரிகள். 1862 இல் சிங்கப்பூரில் அலியிடம் விடைபெற்று, உயிருள்ள இரண்டு சொர்க்கப் பறவைகளோடு ஊர் திரும்பினார்.

கிடைக்காத காட்டு வேலை

இங்கிலாந்தில் அவருக்கு நிலையான சம்பளம் எப்போதும் அமையவில்லை. 1866 இல் ஆனி மிட்டன் என்பவரை மணந்தார். மாமனார் பாசித் தாவரங்களில் வல்லுநர். மூன்று குழந்தைகளில் மூத்த மகன் 1874 இல் ஆறு வயதில் இறந்தான். முதலீடுகளில் பணம் போனது. எழுதிச் சம்பாதித்துக் குடும்பத்தை ஓட்டினார்.

1878 இல் இலண்டனை ஒட்டிய எப்பிங் காட்டை மக்களுக்கென்று பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்காணிப்பாளர் தேவைப்பட்டார். வாலஸ் விண்ணப்பித்தார். அதற்கு ஆதரவாக ஒரு கட்டுரையும் எழுதினார். காட்டின் வெற்றிடங்களைப் பூந்தோட்டமாக்க வேண்டாம். வட அமெரிக்கா, கிழக்காசியா போன்ற மிதவெப்ப நாடுகளின் மரங்களைப் பகுதி பகுதியாக நட்டு, சாதாரண மக்கள் நடந்து பார்க்கும் காடுகளாக வளர்க்கலாம் என்பது அவருடைய யோசனை. நகராட்சி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. வாழ்நாளெல்லாம் காட்டில் கழித்தவருக்குக் காட்டு வேலை கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றம் அவருக்கு நெடுநாள் இருந்தது. டார்வினும் நண்பர்களும் முயன்று, 1881 இல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசாங்க உதவித்தொகை வாங்கித் தந்தனர். வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்க அது உதவியது.

காட்டை வெட்டினால் மண் இறங்கும்

அதே 1878 இல் வெளிவந்த வெப்பமண்டல இயற்கை பற்றிய நூலில் வாலஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் காபித் தோட்டம் போட மலைக்காடுகளைப் பரப்புப் பரப்பாக வெட்டுகிறார்கள்; பெருமழை பெய்யும் நாட்டில் மரம் போனால் மேல்மண் அடித்துச் செல்லப்படும்; தட்பவெப்பம் கெடும்; நாடு வறுமையில் விழும் என்றார். அந்த இலங்கைத் தோட்டங்களில் காட்டை வெட்டவும் காபி பறிக்கவும் தமிழகத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் நம் மக்கள். சில பத்தாண்டுகள் கழித்து, அதே ஏற்பாட்டில் நம் முன்னோர் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் பீடோங்கிற்கும் வந்தனர். காட்டை வெட்டியது அவர்களின் கை. எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று முடிவெடுத்தது வேறு யாரோ.

வாலஸின் எச்சரிக்கை நமக்குப் பழங்கதை இல்லை. 2022 ஜூலை 4 ஆம் தேதி பாலிங், கூப்பாங் பகுதியில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. வீடுகளுக்குள் சேறும் மரக்கட்டைகளும் நிறைந்தன. மலைமேல் நிலம் திருத்தப்பட்டதுதான் காரணமா என்று ஊர் முழுக்கக் கேள்வி எழுந்தது. உலு மூடாக் காடு 1 லட்சத்து 60 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்தது. கெடாவின் நெல்வயலும், பெர்லிஸ், பினாங்கு வீடுகளின் குழாயும் அந்தக் காட்டின் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அங்கே மரம் வெட்டுவது பற்றிய வாக்குவாதம் பல ஆண்டுகளாக ஓயவில்லை. நாட்டுக்கு அரண் எவை என்று எண்ணிச் சொன்ன வள்ளுவர், நீரோடும் மலையோடும் நிழலுள்ள காட்டையும் சேர்த்துச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூச்சுத் திணறலும் மூத்த வயதும்

கிழக்கிலிருந்து திரும்பியபோதே வாலஸ் கொப்புளங்களாலும் நுரையீரல் கோளாறாலும் மெலிந்து போயிருந்தார். உடம்புக்கு ஒத்துவரும் காற்றையும், குறைந்த வாடகையையும், தோட்டம் போட நிலத்தையும் தேடி வீடு மாறிக்கொண்டே இருந்தார். கொடால்மிங் என்ற ஊரில் இருந்தபோது, அவருடைய தோட்டத்தில் ஏறக்குறைய ஆயிரம் வகைச் செடிகள் இருந்தன. 1887 இல் அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்தின்போது கலிபோர்னியாவில் அண்ணன் ஜானைச் சந்தித்து, அங்குள்ள ராட்சத செக்கோயா மரங்களை அருகே நின்று பார்த்தார்.

எழுபது வயதை ஒட்டி ஆஸ்துமா கடுமையாகத் தாக்கியது. சிறிது நடந்தாலே மூச்சு வாங்கியது. இனி எழுத்து வேலை முடிந்தது என்றே நினைத்தார். அப்போது நண்பர் ஒருவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டை முயன்றார். இறைச்சியும் வெந்நீருமாக இருந்த அந்த முறையில் தமக்குக் குணம் தெரிந்ததாக எழுதினார். இன்றைய மருத்துவம் ஆஸ்துமாவுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம். அவருக்கு உடம்பு தேறியது என்பது வரை உண்மை. 1896 இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலை ஊரில் சொற்பொழிவாற்றவும் போய் வந்தார்.

மருத்துவத்தில் அவர் பெரிதாகத் தவறிய இடமும் ஒன்று உண்டு. பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கக் கூடாது, அதனால் பயனும் இல்லை என்று 1880களில் தொடங்கிக் கடுமையாகப் பிரச்சாரம் செய்தார். ஏழைகளின் உடம்பில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்ற நியாயம் அதில் கலந்திருந்தது. ஆனால் தடுப்பூசியால்தான் பெரியம்மை ஒழிந்தது என்பதை வரலாறு காட்டிவிட்டது. 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. காட்டில் வண்டின் முதுகுக் கோட்டையும் தவறவிடாத கண், இந்த விஷயத்தில் எதிரே இருந்த சான்றுகளைச் சரியாக எடைபோடவில்லை.

1902 இல் பிராட்ஸ்டோன் என்ற ஊரில் தாமே கட்டிய வீட்டில் குடியேறினார். 80 வயதுக்குப் பிறகும் செடி நட்டார், புத்தகம் எழுதினார். 1908 இல் அரசின் உயரிய ஆர்டர் ஆப் மெரிட் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் அரண்மனைக்குப் போகவில்லை. விருது வீடு தேடி வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1907 இல், தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க உயிரியலாளர் தெர்னாத்தேவுக்கு வந்தார். அங்கே ஒரு வயதான மலாய்க்காரர் அவரை நிறுத்தி, தம்மை அலி வாலஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். சரவாக்கில் சமையலுக்குச் சேர்ந்த அதே அலி. பிரிந்து 45 ஆண்டுகள் ஆன பிறகும் தம் பெயரோடு அந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னார். பார்பர் எடுத்த படமும் செய்தியும் வாலஸுக்குப் போய்ச் சேர்ந்தன.

வாலஸ் 1913 நவம்பர் 7 ஆம் தேதி தூக்கத்திலேயே காலமானார். வயது 90. தீராத காய்ச்சலும் ஆறாத புண்ணும் மூச்சுத் திணறலும் கொண்ட உடம்புக்கு அது நீண்ட வயது. அவர் நோயை வென்றார் என்று சொல்வதற்கில்லை. அது கடைசிவரை கூடவே இருந்தது. நடக்க முடிந்த நாளில் நடந்தார், முடியாத நாளில் படுத்தபடி எழுதினார், அடுத்தவரிடம் உதவி வாங்கத் தயங்கவில்லை. சர்க்கரை, சிறுநீரகம், இருதயம் என்று மருந்துப் பையோடு வாழும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதைத்தான் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் மருத்துவர் நடக்கச் சொன்னவர்கள், முடிந்த ஒரு காலையில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெராய் மலையின் சுங்கை தெரோய் பக்கமோ, கூலிம் அருகே சுங்கை செடிம் பக்கமோ கொஞ்ச தூரம் மர நிழலில் நடந்து வரலாம்.

பிராட்ஸ்டோன் மயானத்தில் வாலஸின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் சிலை எதுவும் இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் காட்டில் நின்று, மண்ணில் புதைந்து கல்லாகிப்போன ஒரு மரத்தின் தண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.